கட்டைவிரலுக்கு எட்டும் உலகம்

2000-களின் நடுவில் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்த மலிவு விலை யுஎஸ்பி கேம்பேடுகளில் பொத்தான்களின் மேல் எழுத்தோ குறியோ இருக்காது. 1, 2, 3 என்று 12 வரை எண்கள்தான். உருவத்தில் பிளேஸ்டேஷன் பேடைப் போலவே இருக்கும். நடுவில் 'அனலாக்' என்று ஒரு சின்னப் பொத்தான். அதை அமுக்கிச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் இரண்டு ஸ்டிக்குகளும் முழுதாக வேலை செய்யும். விளக்கு அணைந்திருந்தால் இடது ஸ்டிக் வெறும் நாலு திசைப் பொத்தான்தான். கணினியில் சொருகிவிட்டு, விண்டோஸின் 'ரன்' பெட்டியில் 'ஜாய் டாட் சிபிஎல்' என்று அடித்தால் ஒரு சிறிய சாளரம் திறக்கும். ஒரு கட்டம், அதற்குள் ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் எண்ணிட்ட சிவப்பு வட்டங்கள். ஸ்டிக்கை அசைத்தால் கூட்டல் குறி நகரும். பொத்தானை அமுக்கினால் அதற்குரிய வட்டம் ஒளிரும். பேட் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. ஆனால் அந்த 12 எண்களுக்கும் விளையாட்டில் என்ன பொருள் என்று விண்டோஸுக்கும் தெரியாது, விளையாட்டுக்கும் தெரியாது. ஆடுகிறவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்று பேடைச் சொருகிய நொடியில் ஆடத் தொடங்கும் பிள்ளைகள் அந்தச் சாளரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் பாத்திரமேற்று ஆடும் ஆன்லைன் ஆர்பிஜி ஒன்றைப் பேடில் ஆடுவதற்கு அன்று எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது, அந்த யோசனை இன்று எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எழுதிவைக்க ஆசை. பேடில் ஆர்பிஜி ஆடுவதை இரண்டாந்தரமாகப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் அப்படி நினைத்ததே இல்லை.

எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு முதலில் பழகியது டிவி கேம். கோடை விடுமுறை, 8-பிட் பெட்டி, ஆயிரக்கணக்கான கேம்கள் இருப்பதாக லேபிள் ஒட்டிய மஞ்சள் கேசட். அந்த ரிமோட்டின் திசைப் பொத்தானில்தான் எங்கள் இடது கட்டைவிரல் ஓடவும் குதிக்கவும் கற்றுக்கொண்டது. பிறகு வீட்டுக்குள் கணினி வந்தது. விரல்கள் கீபோர்டுக்குப் போயின. பிரவுசிங் சென்டரில்தான் முதன்முதலாக ரேக்னராக் ஆன்லைன் பார்த்தேன். தென் கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-இல் வெளியிட்ட விளையாட்டு அது. இந்தியாவுக்கென்றே தனி சர்வர் ஓடிய நாட்கள். ப்ரொன்டேரா நகரத்து வீதியில் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் மெர்ச்சன்டுகள், வெளியே புல்வெளியில் துள்ளித் திரியும் போரிங் என்னும் பிராணிகள், திரையில் நடமாடும் ஒவ்வொரு உருவத்துக்குப் பின்னாலும் எங்கோ ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு. அந்த நினைப்புதான் என்னை இழுத்தது, இன்றுவரை விடவில்லை.

வீட்டில் இணைப்பு வந்த பிறகு, இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்ற பிராட்பேண்ட் திட்டத்தின் தயவில் விளையாட்டை இறக்கினேன். நான் எடுத்தது அகோலைட். அடிபடுகிறவர்களுக்கு ஹீல் போடுகிற, ஆசி கொடுக்கிற பாத்திரம். ரேக்னராக்கில் நடப்பது, அடிப்பது, பொறுக்குவது எல்லாம் மவுஸ் கிளிக். மணிக்கணக்கில் ஆடினால் மணிக்கட்டு வலிக்கும். அதனால்தான் பேடைத் தேடிப் போனேன். கட்டைவிரல்களுக்குச் சிறுவயதுப் பழக்கம் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம் என்ற ஆசையும் இருந்தது.

விளையாட்டுக்குப் பேட் என்ற ஒன்று உண்டு என்பதே தெரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 'ஜாய்டுகீ' என்ற சிறிய மென்பொருள் அந்த வேலையைச் செய்தது: பேடில் ஒரு பொத்தானை அமுக்கினால் கீபோர்டில் ஒரு விசையை அமுக்கியதாக விண்டோஸை நம்பவைக்கும், ஸ்டிக்கை அசைத்தால் மவுஸை அசைத்ததாக. எனவே இடது ஸ்டிக் மவுஸ் அம்பு ஆனது. 3-ஆம் எண் இடது கிளிக். திறமைகளுக்கான எஃப்1 முதல் எஃப்9 வரையிலான விசைகளை மிச்சமிருந்த பொத்தான்களில் பங்கு போட வேண்டும். பிளேஸ்டேஷன் பேடில் செலக்ட் இருக்கும் இடத்துப் பொத்தானில் 'இன்சர்ட்' விசையை வைத்தேன். அதை அமுக்கினால் பாத்திரம் உட்காரும், உட்கார்ந்தால் திறமைகளுக்குச் செலவாகும் எஸ்பி வேகமாக ஏறும். ஒரு ஹீலருக்கு உட்காருவது போரிடுவதைப் போலவே முக்கியமான காரியம். 9 விசைகளுக்கும் விரல் எளிதில் எட்டும் இடம் போதாது. எதை விடுவது என்று முடிவெடுக்கும்போதுதான் என் பாத்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்பது எனக்கே தெளிவாகப் புரிந்தது. ஹீல், ப்ளெஸிங், வேகத்தைக் கூட்டும் திறமை, தப்பிக்க டெலிபோர்ட், ஒரு மருந்து. இவ்வளவுதான் அத்தியாவசியம். மற்றவை கீபோர்டிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

விளையாட்டுக்குள்ளேயே உதவிய இரண்டு கட்டளைகளை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். 'நோகன்ட்ரோல்' என்று அரட்டைப் பெட்டியில் அடித்துவிட்டால், ஒருமுறை கிளிக் செய்தாலே பாத்திரம் தொடர்ந்து அடிக்கும். கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. 'நோஷிஃப்ட்' அடித்துவிட்டால், ஷிஃப்டைப் பிடிக்காமலே எதிரிமேல் ஹீல் போடலாம். எதிரிக்கு ஏன் ஹீல் என்று கேட்கலாம். ரேக்னராக்கில் பிணப்பேய்களின் மேல் ஹீல் போட்டால் அது அடியாக விழும். பேயோன் குகையில் ஸாம்பிகளை ஹீல் போட்டே வீழ்த்தி லெவல் ஏறாத அகோலைட் அபூர்வம். பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய விசை ஒவ்வொன்றும் பேடுக்குப் பகை. அந்த இரண்டு கட்டளைகளும் பேடை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் அவை இல்லாமல் என் அகோலைட் பேடில் பிழைத்திருக்க முடியாது.

குகையில் தனியாக இருக்கும்வரை எல்லாம் நன்றாகவே போகும். நண்பர்கள் சேர்ந்த குழுவான பார்ட்டியோடு போகும்போதுதான் கஷ்டம். ஹீல் விசையை அமுக்கியதும் அம்பு குறியாக மாறும். அந்தக் குறியை அடிபடும் நண்பனின் உருவத்தின்மேல் கொண்டுபோய்க் கிளிக் செய்ய வேண்டும். மவுஸில் அது ஒரு சுண்டு. ஸ்டிக்கில் குறி ஊர்ந்து போகும். வேகத்தைக் கூட்டினால் ஆளைத் தாண்டி ஓடிவிடும். நண்பன் நடந்துகொண்டே இருப்பான். "மாப்ள, ஹீல்! ஹீல்!" என்று அவன் தங்கிலீஷில் அடித்துக்கொண்டிருக்க, என் குறி அவன் தலைக்குப் பக்கத்தில் தடவிக்கொண்டிருக்கும். "கையில மவுஸ் இருக்கும்போது எதுக்குடா இது?" என்று கேட்டவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் குறை பேடிலும் இல்லை, என் விரலிலும் இல்லை. குறி வைப்பது என்ற செயலே மவுஸுக்காக உருவானது. பேடுக்கு வேறு விதமாக யோசித்த விளையாட்டு வேண்டும்.

கருவிப் பக்கத்திலும் ஒரு தடை இருந்தது. அன்றைய பேடுகள் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்இன்புட் வழியாகப் பேசின. அதில் பொத்தான்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஒரு தயாரிப்பாளரின் 1-ஆம் எண் மேலே இருக்கும், இன்னொருவரின் 1-ஆம் எண் கீழே இருக்கும். வலது ஸ்டிக்கை ஒரு பேட் ஒரு அச்சில் அனுப்பும், மற்றொன்று வேறொன்றில் அனுப்பும். ஆகவே எந்த விளையாட்டும் 'இந்தப் பொத்தானை அமுக்கு' என்று திரையில் துணிந்து படம் போட முடியாது. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அதோடு எக்ஸ்இன்புட் வந்தது. அது ஒரே ஓர் அமைப்பை விதித்தது: ஏ, பி, எக்ஸ், ஒய், இரண்டு ஸ்டிக், இரண்டு பம்பர், எவ்வளவு அழுத்துகிறோம் என்று உணரும் இரண்டு ட்ரிகர். விதித்ததாலேயே பேடும் விளையாட்டும் ஒன்றையொன்று புரிந்துகொண்டன. லாஜிடெக்கின் எஃப்310 பேடில் டி, எக்ஸ் என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. டி பக்கம் தள்ளினால் பழைய உலகம், எக்ஸ் பக்கம் தள்ளினால் புதியது. ஒரு யுகமாற்றம் நகத்தால் தள்ளுகிற அளவில் இருந்ததைப் பார்த்து வியந்திருக்கிறேன்.

விளையாட்டுகள் மாறியதற்குக் காரணம் கன்சோல் இருக்கும் வரவேற்பறை. ஒரே சர்வரில் கன்சோல்காரரும் கணினிக்காரரும் சேர்ந்து ஆட வேண்டும் என்று முடிவெடுத்த இடத்தில்தான் பேடுக்கு முதல் மரியாதை கிடைத்தது. ஃபைனல் ஃபேன்டஸி 11, 2002-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்து, அதே ஆண்டில் கணினிக்கும் வந்தது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் கதை எல்லோருக்கும் தெரிந்தது: 2010-இல் வந்து தோற்று, நவோகி யோஷிதா பொறுப்பேற்று, 2013 ஆகஸ்டில் 'எ ரெல்ம் ரீபார்ன்' என்று மறுபிறப்பெடுத்தது. கணினியோடு பிளேஸ்டேஷன் 3-இலும் ஒரே நேரத்தில் வெளியானதால் கீபோர்டே தொடாமல் முழுதாக ஆடும் வழி அதற்குத் தேவைப்பட்டது. 2014-இல் கணினிக்கு வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் அடுத்த ஆண்டே கன்சோலுக்குப் போனது. ஒரு பட்டைக்கு 5 திறமை, ஒரு அல்டிமேட் என்ற அதன் சிக்கனம் பேடுக்கு இயல்பாகவே பொருந்தியது. 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மட்டும் வெகுகாலம் கீபோர்டு கோட்டையாக இருந்தது. ரசிகர்கள் எழுதிய 'கன்சோல்போர்ட்' ஆட்-ஆன்தான் அங்கே பேடுக்கு வழி. 2020-இல் ஷேடோலேண்ட்ஸ் விரிவாக்கத்துக்கு முந்தைய பேட்ச்சில் விளையாட்டே பேடை அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கியது. அதுவும் அப்போது மெனுவில் இல்லை. 'கேம்பேட்எனேபிள் 1' என்று கட்டளை அடித்து எழுப்ப வேண்டியிருந்தது. 16 ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டளையை அடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரியது.

ஆனால் என் வீடு ஃபைனல் ஃபேன்டஸி 14. திறமைகளை அடுக்கிவைக்கும் அதன் பட்டையான கிராஸ் ஹாட்பாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் பேடின் இடது ட்ரிகரான எல்2-ஐப் பிடித்தால் திசைப் பொத்தான்கள் 4, முகப்புப் பொத்தான்கள் 4, ஆக 8 திறமைகள் எழும். வலது ட்ரிகரான ஆர்2-ஐப் பிடித்தால் இன்னொரு 8. எல்2-ஐப் பிடித்தபடி ஆர்2, ஆர்2-ஐப் பிடித்தபடி எல்2 என்று மேலும் 16. சட்டென்று இருமுறை தட்டினால் இன்னும் 16. பட்டைத் தொகுப்பை மாற்றாமலே 48 திறமைகள் இரு கைக்குள் அடங்குகின்றன. இவை திரையிலும், பேடில் பொத்தான்கள் இருக்கும் அதே சிலுவை வடிவில் அமைந்திருப்பதால், கண் பார்ப்பதும் விரல் தொடுவதும் ஒன்றாகிவிடுகிறது. எது எங்கே இருக்கிறது என்று சில வாரங்களில் மறந்துவிடலாம், கைக்குத் தெரியும்.

அதைவிட எனக்கு நெருக்கமானது குறி வைக்கும் முறை. எதையும் பிடிக்காமல் திசைப் பொத்தானை மேலும் கீழும் தட்டினால் பார்ட்டியில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தேர்வாகிறார்கள். இடமும் வலமும் தட்டினால் எதிரிகள். குறி ஊர்வதே இல்லை. பார்ட்டி பட்டியலில், முன்னின்று அடி வாங்கும் டேங்கை எனக்கு அடுத்த வரிசையில் வைத்திருக்கிறேன். ஒரு தட்டில் கிடைப்பான். இப்போது நான் ஆடுவது வைட் மேஜ், அகோலைட்டின் வழித்தோன்றல் என்றே மனதில் கொண்டாடுகிறேன். ஆர்2-வின் முகப்பில் நாலு ஹீல்கள்: அவசரத்துக்கு உடனே விழுவது கட்டைவிரல் இயல்பாக நிற்கும் கீழ்ப்பொத்தானில், எல்லோருக்கும் சேர்த்து விழும் மெடிக்கா மேலே. ஸ்விஃப்ட்காஸ்டும் ரெய்ஸும் அடுத்தடுத்து வேண்டியவை, ஆகவே பக்கத்துப் பக்கத்துப் பொத்தான். தரையில் வட்டம் போட்டு வைக்க வேண்டிய அசைலம் மட்டும் பேடில் சிரமம், ஸ்டிக்கால் வட்டத்தை நகர்த்த வேண்டும். அதற்கு ஒரு வரி மேக்ரோ: என் காலடியிலேயே விழு என்று எழுதிவிட்டேன். இரண்டு திறமைக்கு இடையில் அடிப்படையாக 2.5 வினாடி இடைவெளி. அந்த இடைவெளிக்குள் பார்ட்டி முழுவதையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட முடிகிறது. ரேக்னராக்கில் நண்பனின் தலையைத் தேடி ஊர்ந்த அந்தக் குறி தீராக் கடனாக மனதில் கிடந்தது. அது தீர்ந்தது இங்கேதான்.

ஹீலர் ஆடுகிறவர்கள் ஸ்டிக்கின் டெட் ஸோனை அலட்சியம் செய்யக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான ஸ்டிக்குகளுக்குள் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர். உரசி உரசித் தேயும். தேய்ந்தால் கை எடுத்த பிறகும் ஸ்டிக் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொல்லும். சண்டை விளையாட்டில் அது தொல்லை, அவ்வளவுதான். இங்கேயோ மந்திரம் சொல்லும்போது பாத்திரம் ஓர் அடி நகர்ந்தாலும் மந்திரம் கலைந்துவிடும். கலைந்த ரெய்ஸுக்கு விலை இன்னொருவரின் உயிர். ஆகவே எந்த அசைவுவரை அசைவாகக் கொள்ளக் கூடாது என்ற எல்லையை, சோதனைத் திரையில் பார்த்து, தேய்மானத்தைவிடச் சற்றே கூடுதலாக வைக்க வேண்டும். அதிகம் வைத்தாலும் கூடாது, மெல்ல நடப்பது போய்விடும். காந்தத்தால் உணரும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகள் இப்போது மலிவு பேடுகளிலும் வருகின்றன. உரசல் இல்லாததால் அப்படித் தேய்வதில்லை. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சேகாவின் ட்ரீம்காஸ்ட் பேடில் 1998-இலேயே இருந்தது.

இன்று ஒரு புதுக்குழப்பம் உண்டு. அன்று மொழிபெயர்ப்பாளரே கிடையாது, ஒருவரைத் தேடிப் பிடித்தோம். இன்று மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம். பிளேஸ்டேஷன் பேடை விளையாட்டே நேராகப் புரிந்துகொள்ளும். ஸ்டீமும் அதைப் பிடித்து எக்ஸ்பாக்ஸ் பேடாக வேஷம் கட்டி அனுப்பும். இரண்டும் ஒன்றாக நடந்தால் ஒரு தட்டு இரண்டு தட்டாக விழும். பார்ட்டி பட்டியலில் ஒருவரைத் தாண்டி அடுத்தவர் தேர்வாவார். ஒருவர் மட்டும் பேசட்டும் என்று முடிவெடுத்து மற்றதை அணைப்பதே தீர்வு. விளையாட்டுக்குள் பேடை இயக்கும் தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஸ்டீமின் மாற்றத்தை அந்த விளையாட்டுக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள். அமைப்பை முடித்த கையோடு சர்வரில் காப்பு எடுத்துவைக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள்; கணினி மாற்றினால் 48 இடங்களையும் மறுபடி நிரப்புவது பெரும்பாடு.

பேட் ஒருபோதும் தீர்க்காத பிரச்சினை ஒன்று உண்டு, பேச்சு. ஆன்லைன் ஆர்பிஜியின் உயிர் அரட்டை. பேடைப் பிடித்த கையால் தட்டச்சு செய்ய முடியாது. அன்று மடியில் கீபோர்டு, கையில் பேட். பேச வேண்டுமென்றால் பேடை வைக்க வேண்டும், வைத்தால் யாராவது சாவார்கள். அதனால் பேடில் ஆடியவர்கள் ஊமைகளாக ஆடினோம். தீர்வு பேடிலிருந்து வரவில்லை. 2015-இல் வந்த டிஸ்கார்ட் போன்ற குரல் வழிகளிலிருந்து வந்தது. திருநெல்வேலிக்காரர் ஒருவரும் கோலாலம்பூர்க்காரர் ஒருவரும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவரும் நானும், ஒரே டஞ்சனுக்குள், அவரவர் தமிழில் பேசிக்கொண்டு, இரு கட்டைவிரலும் ஸ்டிக்கைவிட்டு எழாமல் ஆடுகிறோம். "அண்ணா, இடப்பக்கம் ஒதுங்குங்கோ" என்று தங்கை சொல்லும்போது ஒதுங்கத் தோன்றுகிறது. தங்கிலீஷில் ஹீல் கேட்ட காலத்தில் இதை நான் கற்பனை செய்ததில்லை.

என் அத்தை மகன் இதற்குள் வந்தது பிறகுதான். பட்டறையில் பிரஸ்ஸில் மாட்டி அவனுக்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காது. மவுஸ் கிளிக்கே கடினம். சாதாரண பேடிலும் ஆர்1, ஆர்2 எட்டாது. 'இதெல்லாம் எனக்கு ஆகாது மச்சான்' என்று ஒதுங்கியே இருந்தான். மாற்றுத்திறனாளிகளுக்காகவே 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரைப் பற்றிப் படித்தோம். பெரிய இரண்டு பொத்தான்கள், பின்னால் 19 செருகு துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு தனி சுவிட்சை மாட்டிக் காலாலோ முழங்கையாலோ அமுக்கலாம். அவனுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. பின்பக்கப் பொத்தான்கள் உள்ள ஒரு பேட் போதுமாக இருந்தது. மோதிர விரல் பேடின் அடியில் இயல்பாக எங்கே படிகிறதோ அங்கே இருக்கும் பொத்தானுக்கு ஆர்2-வைக் கொடுத்தோம். கிராஸ் ஹாட்பார் அமைப்பில் 'ஹோல்ட்' என்பதை 'டாகிள்' என்று மாற்றினோம். ஒருமுறை தட்டினால் பட்டை திறந்தே நிற்கும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ரேக்னராக்கின் 'நோகன்ட்ரோல்' எனக்குச் செய்த உதவியை, இந்த 'டாகிள்' அவனுக்கு, தெரிந்தே, திட்டமிட்டே செய்கிறது. இப்படி ஒரு தேர்வை வைத்த வடிவமைப்பாளர் யாராக இருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும். விளையாட்டு செய்கிற ஒவ்வொரு நிறுவனமும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒவ்வொரு பொத்தானுக்கும் இப்படி ஒரு மாற்று வைக்க வேண்டும் என்பதை நான் வேண்டுகோளாக அல்ல, உரிமையாகவே கேட்பேன்.

அவனும் ஹீலராகத்தான் தொடங்கினான். இப்போது டேங்க் ஆடப் போகிறானாம். எதிரியை இழுக்கும் 'ப்ரொவோக்' திறமையை இடது கைப்பக்கம் வைப்பதா, பின்பொத்தான் ஒன்றை அதற்கே ஒதுக்குவதா என்று கேட்டிருக்கிறான். இடது பக்கம் என்பது என் கட்சி. அவசரத்தில் தேடாமல் கிடைக்க வேண்டும். அவனோ, இடது கட்டைவிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படித் தட்டுவது என்கிறான். அதுவும் சரிதான். சனிக்கிழமை இரவு பயிற்சி பொம்மையின் முன்னால் நின்று இரண்டையும் ஆடிப் பார்த்து முடிவெடுப்பதாக ஏற்பாடு.